போங்காட்டமா, கெட்டிக்காரத்தனமா? ஐவி எதிர் ஜெண்டிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் பழைய சீட்டுக்கட்டு ஏதாவது கிடந்தால் எடுத்து, ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகைப் பாருங்கள். நீளமான இரண்டு ஓரங்களையும் மாறி மாறிக் கவனியுங்கள். வெள்ளைக் கரை வைத்த கட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓரம் வரைக்கும் டிசைன் ஓடுகிற கட்டாக இருந்தால், சிலவற்றில் ஒரு பக்கம் வட்டமோ வைரமோ முழுசாக நிற்கும், எதிர்ப்பக்கம் அதே வடிவம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அச்சடித்த தாளை வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி விலகினால் போதும், இப்படி ஆகிவிடும். ரம்மி ஆடுகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. இதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் 2012 ஆகஸ்டில் லண்டனில் இரண்டே நாளில் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். அந்தப் பணம் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. வரவில்லையே என்று அவர் போட்ட வழக்கில், இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் 35 வருஷமாக ஜூரிகளுக்கு (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரும் பொதுமக்களுக்கு) சொல்லப்பட்டு வந்த ஒரு சட்டக் கேள்வி காணாமல் போனது.

லண்டன் பாரிஸ்டர்களில் பலர் தங்கள் தொழிலைச் சொல்லும்போது குற்றவியல், மோசடி, ஒழுங்குமுறை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். முதலில் கேட்கும்போது எனக்கு இது ஓட்டல் மெனு மாதிரி இருந்தது. கத்திக்குத்து வழக்கு நடத்துகிறவருக்கும், ஒரு மருத்துவரின் உரிமம் பறிபோகாமல் தீர்ப்பாயத்தில் வாதாடுகிறவருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. மோசடி, திருட்டு, கணக்கில் தில்லுமுல்லு, தொழில் ஒழுக்க வழக்கு என்று எங்கே போனாலும் நடுவில் ஒரே சொல் உட்கார்ந்திருக்கும்: நேர்மையின்மை. ஆள் செய்ததை ஒப்புக்கொள்வார், காகிதம் எல்லாம் மேசையில் இருக்கும், மிச்சம் இருக்கிற சண்டை அந்த ஒரு சொல்லைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லுக்கு இன்றைக்கு அங்கே என்ன அர்த்தம் என்பதை முடிவு செய்தது இந்தச் சீட்டாட்ட வழக்கு. ஒரு குற்ற வழக்குக்கூட இல்லை. வரவேண்டிய பணத்தைக் கொடு என்று கேட்ட சிவில் வழக்கு.

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பில் ஐவி, அமெரிக்கர், போக்கர் உலகில் பெரிய பேர், 2014-க்குள் உலகப் போக்கர் தொடரில் பத்துப் பட்டம் வாங்கியவர். இடம், லண்டன் மேஃபேரில் இருந்த கிராக்ஃபோர்ட்ஸ் கிளப். அதை நடத்தியது ஜெண்டிங் குழுமம். ஆடியது போக்கர் இல்லை, பன்டோ பேங்கோ.

பன்டோ பேங்கோவைப் புரிந்துகொள்ள நம்ம மங்காத்தாவை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளேயா வெளியேயா என்று காசு வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல, இங்கே ‘பன்டோ’வா ‘பேங்கோ’வா என்று ஒரு பக்கத்தில் காசு வைப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அல்லது மூன்று சீட்டு விழும். பத்தும் படச் சீட்டுகளும் பூஜ்யம், மற்றவற்றுக்கு முகத்தில் உள்ள எண், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 9-க்கு யார் கிட்ட இருக்கிறார்களோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது, எந்தச் சீட்டு யாருக்குப் போக வேண்டும் என்பதைக்கூட விதிதான் சொல்கிறது. நூற்றுக்கு ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே சூதாட்ட விடுதிக்குச் சாதகம் (பன்டோவில் 1.24 சதவீதம், பேங்கோவில் 1.06), மற்றதெல்லாம் அதிர்ஷ்டம். சீட்டுகள் ‘ஷூ’ என்கிற பெட்டியில் கவிழ்ந்திருக்கும், ஆறு கட்டோ எட்டுக் கட்டோ சேர்த்து. அடுத்து வரப்போகும் சீட்டின் முதுகு மட்டும் பெட்டியின் வாயில் தெரியும். முகம் தெரியாது.

அந்த முதல் சீட்டு பன்டோ பக்கம் போகும். அது 7, 8, 9-இல் ஒன்று என்று முன்கூட்டியே தெரிந்தால் பன்டோவில் காசு வைப்பது பெரிய லாபம், அப்படி இல்லை என்று தெரிந்தால் மற்றப் பக்கம். இதைப் பிசகில்லாமல் செய்தால் விடுதிக்கு இருக்கும் சாதகம் தலைகீழாகி, ஆடுபவர் பக்கம் சுமார் ஆறரை சதவீதமாக மாறும் என்பது வழக்கில் வந்த கணக்கு. ஆனால் முதுகில் இருக்கும் ஓரக் குறையால் மட்டும் இது தெரிந்துவிடாது. எல்லாச் சீட்டும் ஒரே கட்டு, ஒரே குறை. 7, 8, 9 சீட்டுகளை மட்டும் 180 டிகிரி திருப்பி வைத்தால்தான் அவற்றின் ஓரம் மற்றவற்றிலிருந்து வேறாகத் தெரியும். சீட்டைத் தொட ஐவிக்கு அனுமதி கிடையாது. அப்படியானால் யார் திருப்புவது?

சீட்டுப் போடும் பெண் ஊழியர்தான் திருப்பினார். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே திருப்பினார்.

ஐவியுடன் ஒரு பெண் கூட்டாளி வந்திருந்தார். அவர் சீன மொழியில் ஊழியரிடம் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார்: ஒவ்வொரு சீட்டையும் முகம் காட்டியதும் நான் நல்லது என்றால் இப்படித் திருப்பு, நல்லதில்லை என்றால் அப்படித் திருப்பு. காரணம் கேட்டால் ராசி. பெரிய பந்தயம் வைக்கும் வாடிக்கையாளர்கள் ராசி, சகுனம் என்று ஆயிரம் கேட்பார்கள், விடுதிகளும் தலையாட்டும், ஏனென்றால் ராசி பார்க்கிறவன் தோற்கிறவன் என்பது அவர்கள் அனுபவம். ஐவியும் அதே ராசிக் கதையைச் சொல்லி, ஜெயித்த கட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டார். கையால் கலைத்தால் சீட்டுகளில் பாதி திரும்பிவிடலாம், மெஷினில் கலைத்தால் வரிசை மாறுமே தவிர திசை மாறாது. கலைத்ததும் மெஷினில்தான். ஆக, ஒரு சுற்று முழுக்க ஊழியர் பொறுமையாகச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார், கட்டு ‘தயாரானது’, அதற்கப்புறம் பந்தயம் எகிறியது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு வரைக்கும் போனது. முதல் நாள் இரவு முடிந்தபோது அதே கட்டை நாளைக்கும் வைத்திருங்கள் என்றார்கள், வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை இந்த ஷூவை மாற்றப்போகிறோம் என்று சொன்னதும் இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் கடைசி விவரம்தான் எனக்குப் பிடித்தது. வேறு எந்தச் சாட்சியும் இல்லாவிட்டாலும் அது ஒன்றே போதுமே என்று தோன்றும். ஆனால் இந்த வழக்கில் அதற்குத் தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் ஐவி எதையும் மறைக்கவில்லை. விடுதி தன் கேமரா பதிவுகளைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்து, ஜெயித்த பணம் கிடையாது என்று சொல்லி அவர் கட்டியிருந்த பத்து லட்சத்தை மட்டும் திருப்பி அனுப்பியது. அவர் வழக்குப் போட்டார். போட்டு, நீதிமன்றத்தில் நான் செய்தது இதுதான், இப்படித்தான் செய்தேன் என்று விளக்கினார். சீட்டில் குறி வைக்கவில்லை, கையால் தொடவில்லை, விடுதி வாங்கிய கட்டில் விடுதி கவனிக்காத குறையைப் பயன்படுத்திக்கொண்டேன், விடுதிக்கும் ஆடுபவருக்கும் இடையே நடப்பது யார் கெட்டிக்காரன் என்கிற போட்டிதானே என்பது அவர் கட்சி.

சூதாட்டப் பணத்துக்கு எப்படி வழக்குப் போட முடியும் என்று நம்மில் பலருக்குத் தோன்றும். அங்கேயும் 1845-ஆம் வருஷச் சட்டம் ஒன்று ரொம்ப காலம் அதைத் தடுத்து வைத்திருந்தது. 2005-இல் வந்த சூதாட்டச் சட்டம், 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்தபோது, அந்தத் தடையை நீக்கிவிட்டது. அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு, சூதாட்டத்தில் ஏமாற்றுவதைக் குற்றம் என்கிறது, இரண்டு வருஷம் வரை சிறை. ஏமாற்றுவது என்றால் என்ன என்று முழுசாக வரையறுக்கவில்லை. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: ஆட்டத்தில் ஏமாற்றக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கிய நிபந்தனை. எனவே மொத்த வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. இது போங்காட்டமா, இல்லையா?

2014 அக்டோபரில் உயர் நீதிமன்ற நீதிபதி மிட்டிங் சொன்ன தீர்ப்பில் ஒரு வினோதம் இருக்கிறது. ஐவியை அவர் நம்பினார். தான் செய்தது ஏமாற்று வேலை இல்லை, சட்டத்துக்கு உட்பட்ட சாமர்த்தியம் என்று அவர் மனசார நினைக்கிறார், அதில் பொய் இல்லை என்று பதிவு செய்தார். பதிவு செய்துவிட்டு, இருந்தாலும் இது ஏமாற்று வேலைதான் என்று தீர்ப்பளித்தார். 2016 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள், ஐவிக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தார்கள். நேர்மையின்மை இல்லாமல் ஏமாற்று இருக்க முடியாது, இவரை நேர்மையற்றவர் என்று யாரும் தீர்மானிக்கவில்லையே என்பது மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஷார்ப்பின் வாதம். அந்த வாதம்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐவி தரப்பு சொன்னது இதுதான்: ஏமாற்று என்றால் நேர்மையின்மை வேண்டும், நேர்மையின்மைக்குக் கோஷ் வழக்கின் சோதனை இருக்கிறது, அந்தச் சோதனையில் என் கட்சிக்காரர் தேறிவிடுகிறார்.

கோஷ் வழக்கு என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மருத்துவமனையில் தற்காலிக அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த கோஷ், தான் செய்யாத அறுவைச் சிகிச்சைகளுக்கும், தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் இலவசமாகச் செய்யப்பட்டவற்றுக்கும் கட்டணம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. 1982 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி லேன் இரண்டு கேள்வி வைத்தார். ஒன்று, நேர்மையான சாதாரண மனிதர்களின் பார்வையில் இது நேர்மையற்ற செயலா? இல்லை என்றால் அத்தோடு விடுதலை. ஆம் என்றால் இரண்டாவது கேள்வி: அந்த மனிதர்கள் இதை நேர்மையற்றது என்று நினைப்பார்கள் என்பது குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் குற்றவாளி. கோஷ் தன் மேல்முறையீட்டில் தோற்றுப்போனார், ஆனால் அவர் பேரில் வந்த இரண்டாவது கேள்வி அடுத்த 35 வருஷம் எத்தனையோ பேருக்குக் கேடயமாக இருந்தது.

இந்தியச் சட்டம் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தெரியும். நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே, ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற நஷ்டமோ உண்டாக்கும் எண்ணத்தோடு செய்தால் அது நேர்மையின்மை என்று கறாராக எழுதிவைத்திருந்தார்கள், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. ‘அவன் ஒரு 420’ என்று நாம் திட்டுவதற்குப் பின்னால் இப்படி ஒரு வரையறை உட்கார்ந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்த இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் அதைச் செய்யவில்லை. 1968-ஆம் வருஷத் திருட்டுச் சட்டத்தில் எது நேர்மையின்மை ஆகாது என்று சில உதாரணம் மட்டும் இருக்கிறது, 2006-ஆம் வருஷ மோசடிச் சட்டத்தில் அதுவும் இல்லை. எது நேர்மையின்மை என்பதை ஜூரியில் உட்காரும் பன்னிரண்டு பேர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2017 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐவிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, எழுதியவர் ஹியூஸ். முதல் பாதி சுலபமானது. ஏமாற்றுக்கு நேர்மையின்மை கட்டாயம் இல்லை என்றார். ஓட்டப்பந்தயத்தில் பக்கத்தில் ஓடுகிறவனைக் காலால் இடறி விடுகிறவன் ஏமாற்றுகிறான், ஆனால் அவனை நேர்மையற்றவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்தயக் குதிரையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து ஓட்டத்துக்குச் சற்று முன்னால் இரண்டு வாளி குடிக்க விடும் லாயக்காரனும் அப்படித்தான். பிறகு ஐவிக்கு வந்தார். சீட்டு எதுவென்று யாருக்கும் தெரியாமல் வரவேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஐவி திட்டம் போட்டு அந்த உயிரையே எடுத்தார். அவரே பெட்டியைத் திறந்து சீட்டுகளை அடுக்கியிருந்தால் ஏமாற்று என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, விஷயம் தெரியாத ஊழியரின் கையால் அதையே செய்ததால் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நான் ஹியூஸ் பக்கம். பிளாக்ஜாக்கில் விழுந்த சீட்டுகளை மனசுக்குள் எண்ணிவைப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம். எண்ணுகிறவன் எல்லாருக்கும் தெரிகிறதைக் கவனிக்கிறான், அவ்வளவுதான். கட்டின் குறையைக் கவனித்ததோடு ஐவி நிறுத்தியிருந்தால் அவரையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ராசி என்று பொய் சொல்லிச் சீட்டைத் திருப்ப வைத்தாரே, அங்கேதான் கோடு தாண்டியது. தெருவில் கோலி விளையாடுகிற பையன்கள் இதை அரை நிமிஷத்தில் ‘அழுகுணி ஆட்டம்’ என்று தீர்த்திருப்பார்கள்.

வழக்கு அதோடு முடிந்திருக்கலாம். நேர்மையின்மை தேவையே இல்லை என்று சொன்ன பிறகு நேர்மையின்மையைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன? ஆனால் ஹியூஸ் பேசினார், நிறையவே பேசினார். கோஷின் இரண்டாவது கேள்வியில் என்னென்ன கோளாறு என்று ஆறு காரணம் அடுக்கினார். அதில் உறைப்பது முதல் காரணம்: ஒருவனுடைய நேர்மை உணர்வு எவ்வளவு கோணலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவன் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்வோம், யாரும் தப்பாக நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று ஒருவர் சொல்லி ஜூரி அதை நம்பிவிட்டால் விடுதலை. இன்னொரு காரணம், அதே செயலுக்கு சிவில் நீதிமன்றத்தில் ஒரு அளவுகோல், குற்றவியல் நீதிமன்றத்தில் இன்னொன்று. சிவில் பக்கத்தில் 1995-இல் ராயல் புருணே ஏர்லைன்ஸ் வழக்கிலும் 2005-இல் பார்லோ க்ளோவ்ஸ் வழக்கிலும் வெளிப்புற அளவுகோல்தான், அதாவது சாதாரண மனிதர்களின் பார்வைதான் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஒரே பணம், ஒரே ஆள், ஆனால் எந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து நேர்மையின் அர்த்தம் மாறும் என்றால் அதை யாருக்கு விளக்குவது?

அவர் வைத்த புது வழி இது. முதலில், அந்த ஆளுக்கு உண்மையில் என்ன தெரியும், விஷயங்கள் எப்படி இருக்கின்றன என்று அவர் நம்பினார் என்பதைக் கண்டுபிடி. அந்த நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை, உண்மையாக நம்பினாரா என்பதே கேள்வி, நியாயமில்லாத நம்பிக்கை என்றால் உண்மையாக நம்பியிருப்பாரா என்று சந்தேகப்படலாம். இரண்டாவது, அப்படி நம்பிய ஒருவர் செய்த காரியம் சாதாரண, கண்ணியமான மனிதர்களின் பார்வையில் நேர்மையானதா என்று பார். அவர்கள் அப்படி நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதில் நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளாமல் ‘இனிமேல் மனசில் என்ன நினைத்தாலும் செல்லாது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. கோஷ் தீர்ப்பில் லேன் ஒரு உதாரணம் சொன்னார்: பொதுப் போக்குவரத்து இலவசமாக உள்ள நாட்டிலிருந்து வந்தவர், முதல் நாள் இங்கிலாந்தில் பஸ் ஏறிக் காசு கொடுக்காமல் இறங்கிப்போகிறார். இவரைக் காப்பாற்றத்தான் இரண்டாவது கேள்வி வேண்டும் என்றார். நம்மூர் உதாரணம் இன்னும் நன்றாக இருக்கும். சாதாரண நகரப் பேருந்தில் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தப் பழக்கத்தில் ஒரு அக்கா லண்டன் பஸ்ஸில் சும்மா ஏறி உட்கார்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹியூஸ் சொன்னார், இவரைக் காப்பாற்ற இரண்டாவது கேள்வி தேவையே இல்லை, முதல் படியிலேயே தப்பிவிடுகிறார், ஏனென்றால் பஸ் இலவசம் என்று அவர் நம்பியது ஒரு உண்மை விவரத்தைப் பற்றிய நம்பிக்கை. இலவசம் என்று நம்பி ஏறியவரை யாரும் நேர்மையற்றவர் என்று சொல்ல மாட்டார்கள். டிக்கெட் எடுக்க வேண்டும் என்று தெரிந்தும், பஸ் கம்பெனி பணக்காரக் கம்பெனி, ஏமாற்றினால் தப்பில்லை என்று நினைக்கிற ஆள்தான் மாட்டுவார். அதாவது உண்மை விவரத்தைப் பற்றி நீ என்ன நம்பினாய் என்பது முழுக்க முழுக்கச் செல்லும். நேர்மையைப் பற்றி நீ வைத்திருக்கும் சொந்த அளவுகோல் செல்லாது.

சரி, ஆனால் இதெல்லாம் சிவில் வழக்கில், தீர்ப்புக்குத் தேவையில்லாமல், போகிற போக்கில் சொன்னது. முன்னுதாரண விதிப்படி கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. 1982-இன் கோஷ் தீர்ப்பு மேல்முறையீட்டு நீதிமன்றத்துடையது, அதுதான் கட்டுப்படுத்தும். பிறகு கிரவுன் நீதிமன்ற நீதிபதி ஜூரிக்கு எதைச் சொல்வது? இரண்டரை வருஷம் இந்தக் குழப்பம் ஓடியது. எல்லாரும் ஐவியையே சொன்னார்கள், ஆனால் எந்த அதிகாரத்தில் என்று கேட்டால் நேரான பதில் கிடையாது.

பதில் 2020 ஏப்ரலில் வந்தது. சவுத்போர்ட்டில் வசதியான முதியோர் இல்லம் நடத்திய பார்ட்டன், குழந்தைகள் இல்லாத பணக்கார முதியவர்களின் நம்பிக்கையைப் பெற்று அவர்கள் சொத்தைச் சுரண்டினார் என்று லிவர்பூல் கிரவுன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தார், அவருடன் இல்லத்தின் மேலாளர் பூத்தும். அவர்கள் மேல்முறையீட்டை விசாரிக்கத் தலைமை நீதிபதி பர்னெட் தலைமையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பழைய தீர்ப்பைப் பின்பற்றாதே, இதைப் பின்பற்று என்று வெளிப்படையாகச் சொல்லும்போது, அது போகிற போக்கில் சொன்ன கருத்தாக இருந்தாலும் எங்களுக்கு உத்தரவுதான் என்றார்கள். பார்ட்டனின் 21 வருஷத் தண்டனை 17 ஆகக் குறைந்தது, குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. கோஷ் அதோடு சரி.

முடிவு சரி, போன வழி எனக்கு ஒப்பவில்லை. மக்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை, யாரும் சிறைக்குப் போகாத ஒரு பண வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர் என்று யாருமே முன்னால் நிற்காத ஒரு மன்றத்தில் மாற்றினார்கள். ஐவி மேல் இங்கிலாந்தில் குற்ற வழக்கே கிடையாது, ஆனால் இன்றைக்கு மோசடி விசாரணைகளில் அவர் வழக்கில் வந்த சோதனையை வைத்துத்தான் ஜூரிக்கு வழிகாட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் இதே ஐவி, இதே வித்தை, ஆனால் பாதை வேறு. அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா விடுதியில் 2012-இல் நான்கு தடவை போய் 96 லட்சம் டாலர் ஜெயித்தார். அங்கே விடுதி பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வழக்குப் போட்டது. கூட்டாட்சி நீதிபதி ஹில்மன், இது மோசடி இல்லை என்றார், ஆனால் நியூ ஜெர்சியின் சூதாட்ட விதிகளை மீறியதால் ஒப்பந்தம் முறிந்தது என்று 2016 டிசம்பரில் ஒரு கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். 2020-இல் இரு தரப்பும் சமாதானமாகப் போனார்கள். மோசடி என்ற வார்த்தையைத் தொடாமலே அதே இடத்துக்கு வந்து சேர முடியும் என்பதற்கு இது சாட்சி.

இனி அந்த மூன்று துறைப் பாரிஸ்டரின் மேசைக்கு வருவோம். ஒரு கற்பனைக் கட்சிக்காரர்: கட்டுமானக் கம்பெனியில் கணக்கு மேலாளர், வேலை முடியும் முன்பே முடிந்ததாக பில் போட்டு வங்கியிடம் கடன் வாங்க உதவினார் என்பது வழக்கு. பழைய காலமாக இருந்தால் வக்கீல் அவரிடம், இந்தத் துறையில் எல்லாரும் இப்படித்தானா, மற்றவர்கள் இதைத் தப்பாக நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றியதா என்று நோண்டியிருப்பார். இப்போது அதில் நேரம் செலவழிக்க மாட்டார். கோப்பைத் திறந்து வியாழக்கிழமை மாலை 4.52-க்கு இயக்குநர் அனுப்பிய மின்னஞ்சலை எடுத்துக் காட்டுவார். ‘வங்கியிடம் பேசிவிட்டேன், முன்கூட்டியே பில் போடலாம்’ என்று அதில் இருக்கிறதா? நீங்கள் அதை எப்போது திறந்தீர்கள்? பில் போட்டது அதற்கு முன்பா, பின்பா? வங்கிக்குத் தெரியும், அவர்கள் சம்மதத்தோடுதான் நடக்கிறது என்று நீங்கள் நம்பினீர்களா, அல்லது நம்புவதாக இப்போது சொல்கிறீர்களா? வழக்கே இந்த இடத்தில்தான் நிற்கிறது. துறை வழக்கம் என்பதுகூட இன்னும் பயன்படும், ஆனால் வேறு வேலைக்கு: எல்லாரும் செய்கிறார்கள், அதனால் சரி என்பதற்கு இல்லை, எல்லாரும் செய்ததால்தான் வங்கிக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்பதற்கு.

அந்த நம்பிக்கைக் கேள்வியை ஜூரியிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதற்குப் பெரிய உதாரணம் லைபோர் வழக்கு. லைபோர் என்பது, என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்று வங்கிகள் கொடுக்கும் மதிப்பீடுகளை வைத்துக் கணக்கிட்ட வட்டி விகிதம். அதைத் திரித்தார் என்று வங்கி வர்த்தகர் டாம் ஹேய்ஸ் 2015-இல் 14 வருஷம் தண்டனை வாங்கி, அது 11 ஆகக் குறைக்கப்பட்டு, சிறையில் இருந்து வெளியே வந்தும் விடாமல் போராடினார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் மேல் இருந்த குற்றத் தீர்ப்பையே ரத்து செய்தது. கொடுத்த வட்டி விகிதத்தை அவர் உண்மை என்று நம்பினாரா என்று ஜூரி யோசிக்க வேண்டிய இடத்தில், வணிக லாபத்தை மனதில் வைத்தால் அது உண்மையான மதிப்பீடாகவே இருக்க முடியாது என்று நீதிபதி சட்டமாகச் சொல்லிக் கதவை மூடிவிட்டார் என்பதுதான் காரணம்.

கணக்கு மேலாளருக்கு ஜூரி விடுதலை கொடுத்துவிட்டது என்றே வைப்போம். அவர் பட்டயக் கணக்காளராக இருந்தால் அடுத்த கடிதம் அவருடைய தொழில் அமைப்பிடமிருந்து வரும். அளவுகோல் அதே ஐவிதான். ஆனால் ஜூரி முன்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருந்ததை, இங்கே எது அதிகம் நம்பத்தக்கது என்று தராசு ஒரு மயிரிழை சாய்ந்தாலே போதும் என்று பார்ப்பார்கள். மருத்துவர்களுக்கு இது முன்பே வந்துவிட்டது, பாரிஸ்டர், சொலிசிட்டர் என்ற இரண்டு வகை வக்கீல்களும் 2019-இல் இந்த முறைக்கு மாறினார்கள். நேர்மையின்மை என்று தீர்மானமானால் பெரும்பாலும் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். விதிவிலக்கு ரொம்ப அபூர்வம். போலீஸ் விசாரணையில் அவர் சொன்ன ஒரு வாக்கியம், அன்றைக்குக் குற்ற வழக்கை நினைத்துச் சொன்னது, இங்கே எதிரே வந்து உட்கார்ந்திருக்கும். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே, வாயைத் திறப்பதற்கு முன்னால், உங்களுக்கு எந்தெந்த அமைப்பில் உறுப்பினர் அட்டை இருக்கிறது என்று அந்தப் பாரிஸ்டர் கேட்கிறார். கட்சிக்காரர் அதை ஏதோ படிவம் நிரப்புவதற்கான கேள்வி என்று நினைத்துக்கொண்டு பர்ஸை எடுப்பார்.